எண்பத்திரண்டு வீதம்

என்னுடைய தொழில் என்னவென்று யாராவது கேட்டால் அம்மா, "தம்பி கொம்பியூட்டரில பொம்மை ஆட்டுறவன்" என்பார். இரண்டு மூன்று தடவை திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. சிறுபிள்ளைப் பாட்டுகளுக்குப் படம் செய்கிற ஒரு நிறுவனம் கொழும்பிலிருந்து எனக்கு வேலை அனுப்பும். பல்லுத் தேய்க்கிற யானை, மழையில் நனைகிற முயல், குளிக்க மாட்டேன் என்று அழுகிற குழந்தை. எல்லாம் துண்டு துண்டாக வரும். தலை ஒரு லேயர், கை ஒரு லேயர், கண்மணி ஒரு லேயர். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுகளைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, ஒன்றோடொன்று பொருந்தவைத்து நடக்கவிடுவதுதான் என் பிழைப்பு. லிங்கநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு பத்து வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

அந்த முன்னறைச் சுவரில் இரண்டு ஆணிகள் இருக்கின்றன. ஒன்றில் அப்பா தொங்குகிறார். துறைமுகத்தில் வேலை செய்தவர், நெஞ்சுவலியில் போய் ஏழு வருடம். மற்ற ஆணி வெறும் ஆணி. அது என் தங்கைக்காக அப்பாவே அடித்தது.

தங்கையைக் கடல் கொண்டுபோனபோது அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பத்து. அப்போது நாங்கள் நிலாவெளியில், கடலுக்குக் கிட்ட இருந்தோம். வீடு போனது, வீட்டோடு அலுமாரி போனது, அலுமாரியோடு அல்பங்களும் போயின. அவளுடைய முகம் என்று மிஞ்சியது ஒரே ஒரு படம். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் நிற்கவைத்து எடுத்தது. அவளோடு படித்த ஒரு பிள்ளையின் தாய் பிரதியெடுத்துத் தந்தார். நாற்பது பிள்ளைகள். மூன்றாவது வரிசையில், ஓரத்திலிருந்து இரண்டாவதாக என் தங்கை. முகம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. முன்பல் விழுந்திருக்கிறது, அதைப்பற்றி ஒரு கவலையும் இல்லாமல் சிரிக்கிறாள்.

அந்தப் படத்தைச் சுவரில் மாட்ட அம்மா விடவில்லை. மாட்டினால் மாலை போட வேண்டும், விளக்கு வைக்க வேண்டும். அதில் நிற்கிற மற்றப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் உயிரோடு இருக்கிறார்கள். ஒருத்தி வங்கியில் வேலை செய்கிறாள், ஒருவன் டவுனில் ஓட்டோ ஓடுகிறான். "உசிரோட இருக்கிற பிள்ளையளுக்கு மாலை போடுறதே? நல்லா இருக்கு" என்று அம்மா படத்தைச் சேலைகளுக்கு நடுவில் வைத்துவிட்டார். ஒவ்வொரு வருடமும் நினைவுநாளில் அந்த வெறும் ஆணிக்குக் கீழே, நிலத்தில், நாலு நித்தியகல்யாணிப் பூ வைப்பார். வருகிறவர்கள் ஏதோ கொட்டுண்டு கிடக்கிறது என்று நினைத்து விலகி நடப்பார்கள்.

அப்பா சும்மா இருந்தவரில்லை. அந்தப் படத்தை ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார். எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர்களுக்குச் செத்தவர்கள்மேல் தனி மரியாதை உண்டு, எல்லாருக்கும் நல்ல உடுப்புப் போட்டுவிடுவார்கள். அந்த மனிதர் தங்கையின் தலையை வெட்டியெடுத்து, ரோஸ் நிறச் சட்டையும் சப்பாத்தும் போட்ட வேறொரு பிள்ளையின் உடம்பில் ஒட்டி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியையும் ஓடவிட்டுக் கொடுத்தார். அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "தலை என்ர பிள்ளை. மிச்சம் ஆற்ற பிள்ளை?" அதோடு அந்தக் கதை முடிந்தது. அப்பாவும் இப்போது சுவரில் கோட்டும் டையுமாகத்தான் இருக்கிறார். வாழ்நாளில் அவர் கோட் போட்டு நான் கண்டதில்லை.

போன வருடம் பொங்கல் கழிந்த கையோடு ஒருநாள், அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். திரையில் அந்தக் குளிக்காத குழந்தை நடந்துகொண்டிருந்தது.

"தம்பி, தங்கச்சியை இப்பிடி நடக்க வைக்க ஏலாதோ?"

"ஏலும். பிறகு பாப்பம்."

"பிறகெண்டால் எப்ப? என்ர கண் இருக்கேக்க செய்து தா."

அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. அதனால் கண்ணுக்குப் பின்னால் இரத்தக்குழாய் கசிகிறது என்று கண் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிறகு என்றேன். அன்றைக்கே தொடங்கியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று இப்போது நான் என்னையே கேட்கிறேன்.

மாசியில்தான் தொடங்கினேன். படத்தைக் கடையில் ஸ்கான் செய்து, அவளுடைய முகத்தை மட்டும் தனி லேயராக எடுத்தேன். அம்மா பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். "கொஞ்சம் பெரிசாக்கு." ஆக்கினேன். "இன்னும் கொஞ்சம்." இன்னும் ஆக்கினேன். சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் அதில் இல்லாதது எங்கிருந்து வரும்? கண் ஐந்தாறு சதுரங்களாக உடைந்தது, சிரிப்பு ஒரு சாம்பல் கோடானது. பெரிதாக்க ஆக்க அவள் இல்லாமல் போனாள். அம்மா சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்துப் பார்த்தார்.

இப்போதெல்லாம் கணினியே முகத்தைத் தெளிவாக்கித் தரும். அதையும் செய்து பார்த்தேன். கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் தெரிகிறமாதிரி, கன்னம் பளபளவென்று ஒரு பிள்ளை வந்தது. விழுந்த முன்பல்லைக்கூட முளைக்கவைத்துவிட்டது. அம்மா ஒரு நிமிடம் பார்த்தார். "பல்லைக் கழட்டு" என்றார். பிறகு, "வேண்டாம், இது வேற ஆரோ" என்றார்.

ஆகவே நானே வரைந்தேன். முகத்தை அடியில் மங்கலாக வைத்து, அதற்குமேல் ஒரு புது லேயரில் கோடு கோடாக. கோட்டால் வரைந்ததை எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. அம்மா பக்கத்தில் இருந்து சொல்லுவார்: காது கொஞ்சம் வெளியில தள்ளி, புருவம் இவ்வளவு அடர்த்தி இல்லை, தலைமயிர் வலப்பக்கம் சுழி. தீபாவளிக்குத் தான் தைத்துக்கொடுத்த பச்சைச் சட்டை, அதற்கு வெள்ளைக் கொலர். ஒரு மாதத்தில் தங்கை பதினாலு துண்டுகளாக என்னுடைய திரையில் இருந்தாள்.

இந்த வேலையில் ஒரு பழைய பிழை உண்டு. ஒவ்வொரு துண்டையும் எந்த இடத்தில் ஆணி அடித்தமாதிரிப் பிடித்துவைக்கிறோமோ, அந்த இடத்திலிருந்துதான் அது வளரும், குறுகும். தலையின் ஆணியைக் கழுத்தில் குத்தாமல் மறந்துபோய் நான் அளவை மாற்ற, தங்கையின் தலை உடம்பை விட்டுக் கிளம்பி வானத்துக்குப் போய் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொழிலில் தினமும் நடக்கிற விசயம், யானைக்கும் முயலுக்கும் இதே கதிதான். திரும்பிப் பார்த்தால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். எழும்பிக் குசினிக்குப் போனவர் இரண்டு நாள் என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. சிரித்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பிறகு வந்ததுதான் பெரிய பிரச்சினை. உயரம்.

அவள் எங்கள் பழைய வீட்டுத் தடிப் படலையைத் திறந்துகொண்டு வாசல்வரை நடந்து வரவேண்டும். அதுதான் அம்மா கேட்டது. படலையை வரைந்தேன், அதில் ஐந்து குறுக்குத் தடிகள். தங்கையை அதன் பக்கத்தில் நிறுத்தினேன். அவளுடைய தலை நாலாவது தடிக்கும் மேலே போனது.

"இவ்வளவு உயரமில்லை" என்றார் அம்மா. "மூண்டாம் தடிக்குத்தான் வருவாள்." கதிரையிலிருந்து எழும்பி, உள்ளங்கையைக் கீழ்ப்பார்க்கத் திருப்பி, தன் இடுப்புக்குச் சற்றுக் கீழே பிடித்துக் காட்டினார். "இந்தளவு."

"இல்லை அம்மா. அப்ப என்ர நெஞ்சுக்கு வருவாள்."

"வரமாட்டாள். சட்டை தைச்சனான் நான். தோளிலயிருந்து முழங்கால் இருவத்திமூண்டு அங்குலம். எனக்குத் தெரியாதே?"

இருபது வருடத்துக்கு முந்திய அங்குலக் கணக்கை யார் நம்புவார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன்.

இங்கே உண்மையைச் சொல்ல வேண்டும். கடல் வந்தபோது தங்கையின் கை என்னுடைய கையில் இருந்தது. படலையடியில் நின்றோம். முதலில் ஓடினோம், பிறகு அவளால் ஓட முடியவில்லை. தூக்கு அண்ணா என்றாள். நான் தூக்கவில்லை, இழுத்துக்கொண்டு ஓடினேன். தண்ணீர் வந்து அடித்தபோது கை வழுகியது. பிறகு போய்த் தங்கின அகதி முகாமில் எல்லாரும் கேட்டபோது, "பாரமாயிருந்தாள், தூக்க ஏலாமப் போச்சு" என்று சொன்னேன். பாவம் அவன் சின்னப் பெடியன், அவளும் பாரம், என்ன செய்வான் என்று எல்லாரும் தலையைத் தடவினார்கள். சொல்லிச் சொல்லி எனக்குள் அவள் வருடத்துக்கு வருடம் வளர்ந்துவிட்டாள். பாரமான, உயரமான பிள்ளை. மூன்றாம் தடி உயரத்துக்கு அவளைக் குறுக்கினால் நான் இருபது வருடமாகச் சொன்னது பொய்யாகிவிடும். அந்தப் பயம்தான் அளவை மாற்ற விடவில்லை. அம்மாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை, கோபம் மட்டும் வந்தது.

ஒரு கள்ள வேலை செய்தேன். தங்கையைத் தொடாமல், படலை இருந்த லேயரைப் பெரிதாக்கினேன். படலை உயர்ந்தால் பிள்ளை சின்னதாகத் தெரிவாள் அல்லவா? தலை மூன்றாம் தடிக்கு வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையில் மூக்குப் படுகிறமாதிரிக் குனிந்து பார்த்தவர் நிமிர்ந்தார்.

"படலை இவ்வளவு பெரிசோ? மாட்டுப்பட்டிக்கே போட்டது?"

அது சித்திரையில். அப்போது அவருக்குக் கண் தெரிந்தது. இதை நான் பிறகு எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்தேன். சித்திரையில் அவளை நான் ஒழுங்கான அளவில் விட்டிருந்தால், அம்மா கண்ணால் பார்த்திருப்பார்.

விடவில்லை. கொழும்பு வேலை கூடிவிட்டது என்று சொன்னேன். அது பாதி உண்மை. ஆனியிலும் ஆடியிலும் யானைக்குக் குடை பிடித்தேன். அம்மா இடைக்கிடை வந்து, "தங்கச்சி என்னமாதிரி?" என்று கேட்பார், ஏதோ அவள் உள்ளறையில் காய்ச்சலோடு படுத்திருக்கிறமாதிரி. "செய்யுறன் அம்மா, ஆக்கினைப்படுத்தாதேங்கோ" என்பேன்.

இதற்கிடையில் வேறு சில மாற்றங்கள் நடந்தன. கறியில் ஒருநாள் உப்பு இரண்டு தடவை விழுந்தது, மறுநாள் விழவேயில்லை. நான் முறைப்பட்டேன். கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் என்னை உள்ளே வரவிடுவதில்லை. "நீ வெளியில நில், நான் கதைச்சிட்டு வாறன்." வெளியே வந்ததும் என்னவாம் என்று கேட்டால், "அதே துளிமருந்துதானாம்." ஒருமுறை கிளினிக் முடிந்து பஸ்ஸுக்கு நின்றோம். அம்மாவின் பையில் பொன்னாங்காணிக் கட்டு. எங்கள் டவுனில் மாடுகளைப்போல மான்களும் தெருவில் அலையும். வழமைபோல ஒரு மான் வந்து பைக்குள் தலையை விட்டு இலையை இழுத்துத் தின்னத் தொடங்கியது. அம்மா அசையாமல் நின்றார்.

"அம்மா, மான் தின்னுது!"

"ஆ, தின்னட்டும், பாவம்" என்றார் சட்டென்று. சொல்லும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு வயதோடு சீவகாருண்யம் வந்துவிட்டது என்று நான் பகிடி பண்ணினேன். அவரும் சிரித்தார். மான் முழுக்கட்டையும் தின்று முடித்தது.

நினைவுநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது காலையில் என்னுடைய கதிரையில் ஒரு மடித்த பத்திரிகைத்தாள் இருந்தது. அம்மா பழைய பேப்பரில் ஒரு சட்டையை வெட்டியிருந்தார். ஓரங்கள் நேராக இல்லை. அந்தக் காலத்தில் ஒரே இழுப்பில் வெட்டுகிறவர், இப்போது கத்தரிக்கோல் அங்கும் இங்கும் அலைந்திருந்தது. அவசரத்தில் வெட்டியிருக்கிறார் என்று நினைத்தேன்.

"இதைவிடப் பெரிய சட்டை அவளுக்கு நான் வெட்டினதில்லை" என்றார் குசினியிலிருந்து.

நான் தாளை விரிக்கவில்லை. மடித்தபடியே இழுப்பறைக்குள் வைத்தேன். ஆனால் இருவத்திமூண்டு அங்குலம் என்கிற எண் தலைக்குள் நின்றது. அவளுடைய பதினாலு துண்டும் ஒரு தாய் லேயருக்குக் கீழே இருக்கும், அதைக் குறுக்கினால் எல்லாம் சேர்ந்து குறுகும். கணக்குப் பார்த்து அளவுப் பெட்டிக்குள் நூற்றுக்கு எண்பத்திரண்டு வீதம் என்று அடித்தேன். அடித்த கையோடு அந்த லேயருக்குப் பக்கத்தில் இருக்கிற கண் குறியை அமத்தி அவளை மறைத்துவிட்டேன். பெரிதாக்கிவைத்த படலையை முந்திய அளவுக்குக் கொண்டுவர அவள் இடைஞ்சல் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். உண்மையில் அந்த அளவில் அவளைப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை. படலையைத் திருத்தினேன். அப்படியே வீடியோவாக்கிப் பென்ட்ரைவில் போட்டேன். ஒரு தடவைகூட ஓடவிட்டுப் பார்க்கவில்லை.

நினைவுநாள் காலையில் அம்மா குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையில் இருந்தார். கணினியில் வேண்டாம், டிவியில் போடு, அதுதான் பெரிசு என்று முதலே சொல்லியிருந்தார். நான் பென்ட்ரைவைக் குத்தி ஓடவிட்டேன்.

எங்கள் வளவு வந்தது. வேப்பமரம் வந்தது. தடிப் படலை தானாகத் திறந்தது. படலையிலிருந்து வாசல்வரை மணல். அதில் ஒருவரும் நடக்கவில்லை.

லேயரை மறைத்தபடி விட்டிருக்கிறேன் என்று உடனே விளங்கியது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"வடிவா நடக்கிறாள்" என்றார் அம்மா.

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"உயரம் இப்ப சரி" என்றார். "இதைத்தானே நான் அப்பவே சொன்னனான்."

வீடியோ முடிந்து திரை கறுத்தது. அம்மா இன்னும் அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். உப்பும், மானும், கோணல்மாணலாக வெட்டின தாளும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குள் வந்து விழுந்தன. அவருக்கு முன்னால் போய் நிலத்தில் இருந்தேன்.

"அம்மா, எவ்வளவு நாளாத் தெரியேல்லை?"

முதலில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு என் தலையைத் தடவித் தேடி, கையை அதில் வைத்தார்.

"ஆவணியில இருந்து. வெளிச்சம் தெரியும். ஆள் அசைஞ்சால் தெரியும். முகம் தெரியாது."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீ விட்டிடுவாய். பிறகு ஆருக்குச் செய்யப்போறாய்?"

ஆவணி. சித்திரைக்குப் பிறகு முழுதாக மூன்று மாதம் அவருக்குப் பார்வை இருந்திருக்கிறது. அந்த மூன்று மாதமும் நான் ஓர் எண்ணோடு சண்டை பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

வெறும் வளவைத்தான் பார்த்தீர்கள் என்று சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் இன்னொரு பொய்யைத் தூக்க எனக்கு ஏலாது. சொன்னேன். அம்மா என் தலையிலிருந்து கையை எடுத்தார். "அப்ப போய் அவளைப் போடு" என்றார்.

கணினியைத் திறந்தேன். அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். கண் குறியை அமத்தினேன். படலையடியில் தங்கை வந்து நின்றாள். பச்சைச் சட்டை, வெள்ளைக் கொலர், தலை மூன்றாம் தடிக்குச் சரியாக. இவ்வளவுதானா என்று இருந்தது. இந்தப் பிள்ளையைப் பத்து வயதுப் பெடியன் ஒருவன் ஒக்கலையில் வைத்துக்கொண்டு ஓடலாம். கடைக்குப் போகும்போதெல்லாம் நான் அவளை அப்படித் தூக்கிக்கொண்டு போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"சின்னப் பிள்ளைதான் அம்மா" என்றேன். "நான் தூக்கியிருக்கலாம்."

அம்மா என் தோளைத் தேடிப் பிடித்தார்.

"பல்லு?" என்று கேட்டார்.

"முன்பல்லு இல்லை. அப்பிடியே விட்டிருக்கிறன்."

"சிரிக்கிறாளோ?"

"ஓம்."

"ஓடவிடு. ஓடவிட்டுச் சொல்லு."

ஓடவிட்டேன். படலையைத் திறக்கிறாள் என்றேன். மணலில் கால் வைக்கிறாள். இந்தப்பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். கிட்ட வந்திட்டாள். படலையிலிருந்து வாசலுக்கு வர அவளுக்கு எட்டு வினாடி எடுத்தது. அந்த எட்டு வினாடியும் அம்மா தன் உள்ளங்கையைக் கீழ்ப்பார்க்கத் திருப்பி, இடுப்புக்குச் சற்றுக் கீழே, அவள் தலை வந்து முட்டும் உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.